டேட்டாபேஸோடு நேரடியாகப் பேசுவதா, நடுவில் லேயர் வைப்பதா? பாலக்காடு கிழக்கு வட்டார நிரலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் வலைத்தளம் செய்து கொடுக்கும் இளைஞர்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் ஒரே வகைதான்: பால் சங்கக் கணக்கு, தேங்காய் மண்டி பில், கல்யாண மண்டப புக்கிங். பிஎச்பியில் எழுதி, ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஏற்றி, மைஎஸ்க்யூஎல்லிலோ மரியாடிபியிலோ தகவலைச் சேமிக்கிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் ஒரு மெல்லிய லேயர், அதாவது கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நிற்கும் அடுக்கு, இருக்கட்டும். ஆனால் டேட்டாபேஸ் தானே காக்க வேண்டியதை வேறு யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

நேரடி ஃபங்ஷன், லேயர் என்றால் சரியாக எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று படி இருக்கிறது. முதல் படி, ஒரே ஒரு டேட்டாபேஸுக்காகவே செய்த ஃபங்ஷன்கள். பிஎச்பியில் மைஎஸ்க்யூஎல்ஐ அப்படிப்பட்டது. இரண்டாம் படி பிடிஓ. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் எதுவானாலும் ஒரே மாதிரி அழைக்கலாம். மூன்றாம் படி குவெரி பில்டர், ஓஆர்எம் (டேபிள் வரிகளை ஆப்ஜெக்டாகக் கையாள விடும் கருவி) வகை: லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கின் எலோக்வெண்ட், டாக்ட்ரின் போன்றவை. இவற்றில் எஸ்க்யூஎல்லை (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) நீங்கள் எழுதுவதே குறைவு. லேயர் எழுதிக் கொள்ளும்.

ஒன்றை இங்கேயே கவனியுங்கள். பிடிஓ அழைக்கும் முறையை மட்டும்தான் பொதுவாக்குகிறது. நீங்கள் எழுதும் எஸ்க்யூஎல்லில் அது எதையும் மாற்றாது. அதை முழு லேயர் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

பழைய சைட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 'மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்', 'மைஎஸ்க்யூஎல்_குவெரி' என்று இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

முடியாது. அந்த ஃபங்ஷன்கள் 2013இல் பிஎச்பி 5.5 வந்தபோதே கைவிடப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டன. 2015 டிசம்பரில் வந்த 7.0இல் முற்றிலும் நீக்கப்பட்டன. பழைய பெயரிலேயே போலி ஃபங்ஷன் எழுதி உள்ளே மைஎஸ்க்யூஎல்ஐயை அழைக்கிற வழியும் சிலர் சொல்வார்கள். சைட் ஓடும்தான். ஆனால் மதிப்புகளை எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டுகிற பழைய ஆபத்து அப்படியே நிற்கும். அதனால் அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

அப்போது மைஎஸ்க்யூஎல்ஐயா, பிடிஓவா?

புதிதாகத் தொடங்கினால் பிடிஓ. ப்ளேஸ்ஹோல்டருக்கு (எஸ்க்யூஎல் வரியில் மதிப்பு வரவேண்டிய காலியிடம்) பெயர் வைக்கலாம் என்பது சின்ன வசதியாகத் தெரியும். இருபது காலம் (டேபிளின் நெடுவரிசை) உள்ள பில் டேபிளில் ஒரு வரி சேர்க்கும்போது அதன் அருமை புரியும். மைஎஸ்க்யூஎல்ஐயில் ஏற்கெனவே ஒழுங்காக ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்டோடு (எஸ்க்யூஎல்லையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்பும் முறை) எழுதிய கோட் இருந்தால் அதைத் தொட வேண்டாம். பிஎச்பி 8.2இல் வந்த 'எக்ஸிக்யூட் குவெரி' என்ற ஃபங்ஷனால் அதுவும் இப்போது ஒரே வரியில் முடிகிறது. இரண்டுக்கும் வேகத்தில் உங்கள் சைட் உணரும்படியான வித்தியாசம் இல்லை.

பிடிஓ இணைப்பில் கட்டாயம் வைக்க வேண்டிய அமைப்புகள் என்ன?

மூன்று. முதலாவது, பிழை வந்தால் எக்ஸெப்ஷன் எறியச் சொல்வது. பிஎச்பி 8.0 முதல் இதுவே இயல்பு. அதற்கு முன் பிழை சத்தமில்லாமல் போய்விடும். இரண்டாவது, இணைப்பு வரியிலேயே கேரக்டர் செட் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்8எம்பி4 என்று எழுதுவது. மூன்றாவது, எமுலேட் ப்ரிப்பேர்ஸ் என்ற அமைப்பை நிறுத்துவது. மைஎஸ்க்யூஎல்லோடு பயன்படுத்தும்போது பிடிஓ இயல்பாக உண்மையான ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்டை அனுப்புவதில்லை. மதிப்புகளைத் தானே வரிக்குள் பொருத்தி அனுப்புகிறது. 'லிமிட்'டுக்கு ப்ளேஸ்ஹோல்டர் கொடுத்து, எக்ஸிக்யூட்டில் அரேயாக மதிப்பு அனுப்பினால் சின்டாக்ஸ் பிழை வருவது இதனால்தான்: 10 என்ற எண் மேற்கோளுக்குள் சரமாகப் போய்விடுகிறது. எமுலேஷனை நிறுத்தினால் ஒவ்வொரு குவெரிக்கும் சர்வருக்குக் கூடுதலாக ஒரு தடவை போய்வர வேண்டும். அது பரவாயில்லை.

லேயர் பயன்படுத்தினால் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் பயம் போய்விடுமா?

பயனர் தரும் மதிப்போடு கள்ளத்தனமாக எஸ்க்யூஎல் புகும் ஆபத்து அது. ப்ளேஸ்ஹோல்டர் வழியாகப் போகும் மதிப்புகளுக்குப் போய்விடும். டேபிள் பெயருக்கும் காலம் பெயருக்கும் போகாது. ப்ளேஸ்ஹோல்டரில் மதிப்பை மட்டும்தான் வைக்க முடியும். 'ஆர்டர் பை'க்குப் பின் வரும் காலத்தின் பெயரை பிரௌசரின் முகவரி வரியிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டுகிற கோடை ஓஆர்எம் பயன்படுத்தும் சைட்டுகளிலும் பார்க்கலாம். அனுமதிக்கும் காலம் பெயர்களை ஒரு அரேயில் வைத்து, அதில் இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். லாராவெலில் 'ரா' என்று முடியும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு.

நாளைக்கு டேட்டாபேஸை மாற்ற வேண்டி வந்தால்? அதற்காகத்தானே அண்ணா லேயர்?

லேயர் வைக்கச் சொல்லும் முதல் காரணம் இதுதான், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மண்டி பில் சாஃப்ட்வேர் மைஎஸ்க்யூஎல்லில் தொடங்கினால், அது வாழும் காலம் முழுக்க அங்கேயேதான் இருக்கும். மாற்ற நேர்ந்தாலும் அழைக்கும் ஃபங்ஷனின் பெயரை மாற்றுவது மிகச் சின்ன வேலை. எஸ்க்யூஎல்லின் வேறுபாடுகளில்தான் நாள் போகும். ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர் என்பதற்கு மைஎஸ்க்யூஎல்லில் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்'. போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூலைட்டிலும் 'ஆன் கான்ஃப்ளிக்ட்'. சேர்த்த வரியை உடனே திருப்பித் தரும் 'ரிட்டர்னிங்' போஸ்ட்கிரெஸில் உண்டு, மரியாடிபியில் 10.5 முதல் உண்டு, மைஎஸ்க்யூஎல்லில் இல்லை.

நம் ஊரில் நிஜமாக நடக்கும் மாற்றம் வேறு. வீட்டுக் கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல் 8, ஹோஸ்டிங்கில் மரியாடிபி. இரண்டும் ஒன்று என்று நினைத்து டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுத்து ஏற்றினால், கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதி) தெரியாது என்று நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் 8இன் இயல்புக் கொலேஷன் பெயரில் '0900' என்று வரும்; பழைய மரியாடிபிகளுக்கு அது தெரியாது. ஜேசன் வகையும் அப்படித்தான்: மைஎஸ்க்யூஎல்லில் அது தனி வகை, மரியாடிபியில் நீளமான டெக்ஸ்ட் காலத்துக்கு இன்னொரு பெயர். எந்த லேயரும் இதை மறைக்காது. ஹோஸ்டிங்கில் உள்ள அதே டேட்டாபேஸ், அதே பதிப்பு உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கட்டும்.

பால் சங்கத்துக்கு எழுதுகிறேன். இன்றைய தேதியை டேட்டாபேஸிடம் கேட்பதா, பிஎச்பியிடமா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். பலர் கேட்காமலே எழுதிவிடுகிறார்கள்.

சங்கத்தில் காலைப் பால் அளப்பது விடியும் முன் தொடங்கிவிடும். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால், நம் நேரம் காலை 5:30 வரை அதற்கு இன்னும் நேற்றுதான். ஐந்து மணிக்கு ஒருவர் ஊற்றிய பாலை டேட்டாபேஸின் 'கர்டேட்' ஃபங்ஷன் நேற்றைய தேதியில் எழுதும். 5:35க்கு அடுத்தவர் ஊற்றியது இன்றைய தேதியில் போகும். சங்கச் செயலாளர் கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போது சிலருக்கு நேற்று இரண்டு காலைப் பால், இன்று ஒன்றுமே இல்லை. பிஎச்பியில் டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா என்று சரியாக வைத்திருந்தும் இது நடக்கும். ஏனென்றால் இரண்டும் தனித்தனிக் கடிகாரம்.

இணைப்பு திறந்தவுடனே அந்த இணைப்பின் டைம்ஸோனை '+05:30' என்று அமைத்துவிடுங்கள். நம் நாட்டில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்ற வழக்கம் இல்லாததால் இந்த நிலையான எண் போதும். ஊர்ப் பெயர் கொடுத்து 'கன்வர்ட் டிஇஸட்' பயன்படுத்தினால், டைம்ஸோன் டேபிள்கள் ஏற்றப்படாத சர்வரில் பிழை சொல்லாமல் நல் (NULL, அதாவது வெற்று) மதிப்பு திரும்பும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த டேபிளை ஏற்றும் உரிமை உங்களிடம் இருக்காது. 'டைம்ஸ்டாம்ப்' வகை இணைப்பின் டைம்ஸோனுக்கு ஏற்ப மாறிக் காட்டும், 'டேட்டைம்' மாறாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், 'எந்த நாள், காலையா மாலையா' என்பதை கடிகாரத்திலிருந்து ஊகிக்கவே கூடாது. அது சங்கத்தின் பதிவேட்டில் தனியாக எழுதும் விஷயம். டேபிளிலும் தேதிக்கு ஒரு காலம், வேளைக்கு ஒரு காலம் என்று வையுங்கள். கரண்ட் இல்லாமல் நோட்டில் எழுதி மதியம் ஏற்றினாலும் கணக்கு சரியாக நிற்கும்.

தேதியைத் தேடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் நேரத்தோடு உள்ள காலத்தை 'டேட்' ஃபங்ஷனுக்குள் போட்டு ஒப்பிட்டால், அந்தக் காலத்தில் உள்ள இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) பயன்படாது. டேபிள் முழுவதையும் படிக்கும். லாராவெலின் 'வேர்டேட்' உள்ளுக்குள் இதையேதான் செய்கிறது. இந்த நாள் தொடக்கத்திலிருந்து அடுத்த நாள் தொடக்கத்துக்கு முன்பு வரை என்று எல்லை கொடுங்கள்.

பட்டுவாடாத் தொகையை எங்கே கூட்டுவது?

டேட்டாபேஸில். லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பல்லாத திடப்பொருள்), விலை எல்லாம் 'டெசிமல்' வகையில் இருக்கட்டும், 'ஃப்ளோட்' வேண்டவே வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் டெசிமல் காலத்தை 'சம்' செய்தால் விடையும் டெசிமலாகவே, துல்லியமாக வரும். அதே காலத்தை பிடிஓ வழியாக எடுத்தால் உங்கள் கைக்கு வருவது சரம். பிஎச்பியில் கூட்டல் குறி போட்டவுடன் அது ஃப்ளோட் ஆகிவிடும்; அங்கே 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004. ஒரு வரியில் தெரியாத இந்த வேறுபாடு, ரவுண்ட் செய்யும் இடத்தில் சிலருக்கு ஒரு பைசா கூட்டும், சிலருக்குக் குறைக்கும். பால் ஊற்றும் வீட்டில் அந்தச் சீட்டை வரி வரியாகச் சரிபார்ப்பார்கள். பிஎச்பியில் கணக்கிட்டே ஆக வேண்டும் என்றால் பிசிமேத் என்ற துல்லியக் கணக்கு எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்துங்கள்.

ஓஆர்எம் மெதுவாக இருக்கும் என்கிறார்களே?

ஓஆர்எம் மெதுவானது அல்ல; அது எத்தனை குவெரி அனுப்புகிறது என்று பார்க்காமல் எழுதுவதால் மெதுவாகிறது. 400 உறுப்பினர் உள்ள சங்கம் என்று வையுங்கள். உறுப்பினர் பட்டியலை எடுத்து, ஃபோர் லூப்புக்குள் ஒவ்வொருவரின் கடைசிப் பட்டுவாடாவைக் கேட்டால் 401 குவெரி. ஒன்றுக்கு 2 மில்லிசெகண்ட் என்றாலும் முக்கால் செகண்டுக்கு மேல் இதிலேயே போகும். எலோக்வெண்ட்டில் 'வித்' போட்டு முன்கூட்டியே எடுத்தால் இரண்டு குவெரியில் முடியும். பைத்தானின் ஜாங்கோவில் இதற்கு 'செலக்ட் ரிலேட்டட்', 'ப்ரிஃபெட்ச் ரிலேட்டட்' உண்டு. எழுதும் காலத்தில் லாராவெலின் 'ப்ரிவெண்ட் லேஸி லோடிங்'கை ஆன் செய்து வைத்தால், மறந்த இடத்தில் உடனே பிழை காட்டும்.

மாத அறிக்கை, தரவரிசை, ஓடும் இருப்பு போன்றவற்றுக்கு நேரடி எஸ்க்யூஎல்லே எழுதுங்கள். இவற்றுக்கு உதவும் விண்டோ ஃபங்ஷன்கள் மைஎஸ்க்யூஎல் 8.0இல் வந்துவிட்டன. ஓஆர்எம் வழியாக அதைச் சுற்றி வளைத்து எழுதினால் படிப்பவருக்கும் புரியாது, எழுதியவருக்கும் ஆறு மாதம் கழித்துப் புரியாது.

மண்டபத்தில் ஒரே தேதிக்கு இரண்டு புக்கிங் விழுகிறது. முதலில் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்க்கிறேன். எங்கே தவறு?

பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான். நம் எல்லையில் இது மற்ற ஊர்களைவிட அதிகமாக விழும். ஆடியிலும், மலையாள மாதமான கர்க்கடகத்திலும் இரு பக்கமும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணியும் மலையாளச் சிங்க மாதமும் ஏறக்குறைய ஒரே நாளில் பிறக்கின்றன. தமிழ்க் குடும்பமும் மலையாளக் குடும்பமும் அதே முகூர்த்தத்துக்கு அதே மண்டபத்தைத் தேடும். இருவரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால், இருவரின் பார்வையிலும் தேதி காலிதான், இருவரும் சேர்த்துவிடுவார்கள்.

லாராவெலின் 'யூனிக்' வாலிடேஷன் இதைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். அதுவும் முதலில் ஒரு செலக்ட் போட்டுப் பார்ப்பதுதான். உறுதியாகத் தடுக்கக்கூடியது டேட்டாபேஸ் மட்டுமே. மண்டபம், தேதி, வேளை ஆகிய மூன்று காலத்தையும் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வர விடாத இண்டெக்ஸ்) போடுங்கள். இரண்டாவதாக வருபவருக்கு மைஎஸ்க்யூஎல் 1062 என்ற பிழையைத் தரும். அந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து, 'இந்தத் தேதி இப்போதுதான் பதிவானது, வேறு முகூர்த்தம் பாருங்கள்' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முன்கூட்டிப் பார்க்கும் செலக்டையும் வைத்துக்கொள்ளலாம். அது பயனருக்குச் சீக்கிரம் சொல்ல உதவும். பாதுகாப்பு அதில் இல்லை.

ரத்தான புக்கிங்கை அழிக்காமல் வைத்திருந்தால் அந்தத் தேதியில் புதிய புக்கிங் சேர விடாதே என்று கேட்பீர்கள். போஸ்ட்கிரெஸில் 'ரத்தாகாதவற்றுக்கு மட்டும்' என்று நிபந்தனையோடு இண்டெக்ஸ் போடலாம். மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதி இல்லை. அங்கே 'நடப்பு' என்று ஒரு காலம் சேர்த்து, செல்லும் புக்கிங்குக்கு 1, ரத்தானதற்கு நல் என்று வைத்து அதையும் இண்டெக்ஸில் சேர்த்துவிடுங்கள். நல் எத்தனை இருந்தாலும் யூனிக் இண்டெக்ஸ் தடுக்காது.

முன்பணம் வாங்கும் வரை தேதியைப் பிடித்து வைப்பது, இருப்பைக் குறைப்பது போன்ற வேலைகளுக்கு ட்ரான்சாக்‌ஷனுக்குள் 'செலக்ட் ஃபார் அப்டேட்' பயன்படுத்துங்கள். வேலை முடியும் வரை அந்த வரியை வேறு யாரும் மாற்ற முடியாமல் அது பூட்டி வைக்கும். நேரடியாகவும் எழுதலாம், லாராவெலில் 'லாக் ஃபார் அப்டேட்' என்றும் எழுதலாம். இந்த இடத்தில் லேயரும் டேட்டாபேஸும் ஒன்றுக்கொன்று துணைதான்.

தமிழிலும் மலையாளத்திலும் பெயர்கள் வருகின்றன. வரிசையும் தேடலும் சரியாக வரவில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் வெறும் 'யூடிஎஃப்8' என்று இருப்பது ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட். தமிழும் மலையாளமும் 3 பைட்டில் அடங்குவதால் பெயர்கள் சரியாகத் தெரியும், பிரச்சினை இருப்பதே தெரியாது. யாராவது வாட்ஸ்அப்பிலிருந்து இமோஜியோடு முகவரியை ஒட்டும் நாளில்தான் பிழை வரும். அதற்கு 4 பைட் வேண்டும். யூடிஎஃப்8எம்பி4 மட்டுமே வையுங்கள்.

வரிசையில் வேறு சிக்கல். அகராதிப்படி கண்ணன் முதலில், கணேசன் அடுத்து. புள்ளி எழுத்து முன்னே வரும். யூனிகோடு எண்ணில் புள்ளிக்குறி ஏகாரக் குறிக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் பைட் வரிசையில் அடுக்கும்போது கணேசன் முன்னே வந்துவிடுவார். எஸ்க்யூலைட் இயல்பாக இப்படித்தான் அடுக்கும். மைஎஸ்க்யூஎல்லில் தமிழுக்கென்று தனிக் கொலேஷன் கிடையாது. போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற யூனிகோடு லைப்ரரி வழியாகத் தமிழ்க் கொலேஷன் கிடைக்கும். பிஎச்பியின் இண்டில் எக்ஸ்டென்ஷனில் உள்ள கொலேட்டரையும் பயன்படுத்தலாம். எதைத் தேர்ந்தாலும் இந்த இரண்டு பெயரையும் போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

மலையாளத்தில் சில்லு எழுத்து உண்டு. கிருஷ்ணன் என்று மலையாளத்தில் எழுதும்போது கடைசியில் வருவது அதுதான். 2008இல் யூனிகோடு 5.1 இவற்றுக்குத் தனி எண் கொடுத்தது. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), இணைப்புக் குறி என்று மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். இரண்டும் கண்ணுக்கு ஒன்று, பைட்டில் வேறு. பழைய டேட்டாவையும் புதிய போனையும் சேர்த்தால் ஒரே ஆள் இரண்டு உறுப்பினராவார். தமிழில் 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். அதை யூனிகோடின் என்எஃப்சி நார்மலைசேஷன் என்ற சீராக்கும் முறை ஒன்றாக்கிவிடும். சில்லுவை ஒன்றாக்காது; அதற்கு நீங்களே மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். ஓஆர்எம்மும் இதைச் செய்யாது, டேட்டாபேஸும் செய்யாது. எல்லாப் பெயரும் உள்ளே வரும் ஒரே வாசலில் ஒரு ஃபங்ஷன் வையுங்கள். தேடும் சொல்லும் அதே ஃபங்ஷன் வழியாகப் போகட்டும்.

சோதனைக்கு எஸ்க்யூலைட், சைட்டில் மைஎஸ்க்யூஎல். பரவாயில்லையா?

வேண்டாம். எஸ்க்யூலைட்டில் உண்மையான டெசிமல் வகை இல்லை, ஃபாரின் கீ (வேறு டேபிளில் இல்லாத வரியைச் சுட்ட விடாத விதி) சரிபார்ப்பு இயல்பில் அணைந்திருக்கும். பணமும் புக்கிங்கும் உள்ள சைட்டில் எதைச் சோதிக்க வேண்டுமோ அதையே சோதிக்காமல் விடுவதாகும்.

ஜிஎஸ்டி கணக்கை ஸ்டோர்டு ப்ரொசீஜரில் எழுதலாமா?

டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து ஓட்டும் கோட் அது. எழுத முடியும், நான் எழுத மாட்டேன். கொழிஞ்சாம்பாறை மண்டிக்கு ஜிஎஸ்டி எண் 32இல் தொடங்கும், பொள்ளாச்சி வியாபாரிக்கு 33இல். சரக்கு எல்லை தாண்டினால் ஐஜிஎஸ்டி. உள்ளேயே முடிந்தால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். எந்த மாநிலத்துக்கு வழங்கியதாகக் கொள்வது என்பதில் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மட்டும் போதாத நேரமும் உண்டு. விதிகள் மாறும், மாறும் விதி கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பதிவாகி, சோதனையோடு பிஎச்பியில் இருப்பதே நல்லது. கணக்கிட்ட தொகையையும் விகிதத்தையும் பில் வரியிலேயே சேமித்துவிடுங்கள், பழைய பில்லை மறுபடி கணக்கிட நேரக்கூடாது.

பழைய கோடை ஒரேயடியாக மாற்ற நேரமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் இணைப்பை ஒரே கோப்புக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து, பயனர் கொடுக்கும் மதிப்பு சேரும் குவெரிகள் அனைத்தையும் தேடி எடுத்து, ப்ளேஸ்ஹோல்டருக்கு மாற்றுங்கள். லாகின், தேடல், ரசீது இந்த வரிசையில். அப்புறம் ஒரு டேபிளுக்கு ஒரு கிளாஸ் என்று குவெரிகளை நகர்த்தலாம். புதிய பக்கம் எழுதும்போது அந்தக் கிளாஸைத்தான் அழைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பழையது தானாகக் குறைந்துவரும். யூனிக் இண்டெக்ஸும் ஃபாரின் கீயும் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இரட்டையாக விழுந்த வரிகள் இருந்தால் இண்டெக்ஸ் ஏறாது. குரூப் பை போட்டு அவற்றை எடுத்து, மண்டபக்காரரிடமோ சங்கச் செயலாளரிடமோ காட்டி எது சரி என்று கேட்டுத் தீர்த்த பிறகு ஏற்றுங்கள்.